பூசணிக்காய்க்குள் வைத்த வெடி

ஊரைவிட்டு வெளிநாடு வந்து, கிரான்பர்னில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் வெளிச்சம் பிடிப்பதுதான் வேலை. என் வாய்க்கு மட்டும் பூட்டு இல்லை. யானைக்கு ஆயுளில் ஆறு தடவை கடைவாய்ப்பல் முளைக்கும், தேயத் தேயப் பின்னாலிருந்து புதியது நகர்ந்து வரும், ஆறாவதும் தேய்ந்தால் பட்டினிதான் என்று எங்கோ வாசித்துவிட்டு, கதிரையில் வாய் பிளந்து படுத்திருக்கும் சனத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். பாவங்கள், முனகுவதைத் தவிர அவர்களால் என்ன செய்ய முடியும்!

இவ்வளவும் தெரிந்த நான்தான் அதைச் சொன்னேன்.

வன்னியில் தோட்டம் செய்யும் தம்பி ஒரு நாள் அழைத்தான்.

"அக்கா, யானை வந்து வாழை முழுக்க முறிச்சுப்போட்டுது. விடியப் பாத்தால் ஒண்டும் மிச்சமில்லை."

அது காடு வெட்டிக் குடியேறிய இடம். யானைகள் காலங்காலமாகக் குளத்துக்குப் போன வழியில்தான் எங்கள் வாழை நின்றது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் குரல் உடைந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பன்றிக்கு வைக்கிற, கடிச்சால் வெடிக்கிற வெடி இருக்கெல்லே? பூசணிக்காய்க்குள்ள ஒண்டை வையன். ஒருக்கா வாய் சுட்டால் பிறகு அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்காது."

"பாவமெல்லே அக்கா?"

"அப்ப இருந்து அழு!" என்று தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துச் சதுர்த்தி. இங்கே த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்கு மோதகம் அவித்துக்கொண்டு போயிருந்தேன். காரை நிறுத்தும்போதே அழைப்பு வந்தது.

"அக்கா, நான் வைச்ச பூசணிக்காயை யானைக்குட்டி ஒண்டு கடிச்சுப்போட்டுது."

தாடை சிதறிவிட்டதாம். குளத்துக்குள் போய் நிற்கிறதாம். தாயும் மற்றப் பெண் யானைகளும் சுற்றி நின்றுகொண்டு ஒருவரையும் கிட்ட விடவில்லையாம்.

"தும்பிக்கையால தண்ணியை உறிஞ்சுது. வாய்க்குள்ள விட்டால் எல்லாம் வெளியில வழியுது. நீங்கள் பல்லு டொக்டரோட நிக்கிறியள்தானே அக்கா, சொல்லுங்கோ, என்ன செய்யலாம்?"

இங்கே ஒருவருக்குத் தாடை உடைந்தால் கம்பி கட்டி, சூப் குடிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். யானைக்கு ஒரு மிடறு தண்ணீர்கூட வாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். அந்த வாயைத்தான் நான் குறி வைக்கச் சொல்லியிருந்தேன். மோதகப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தேன். யானை முகத்துக்கு முன்னால் அதை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. படைக்காமலே திரும்பி வந்தேன்.

மூன்றாம் நாள் குட்டி தண்ணீருக்குள்ளேயே சரிந்துவிட்டது. அதிகாரிகள் வந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள். வீடு திரும்பியதும் முதல் வேலையாக எனக்குத்தான் அழைத்தான்.

"பன்றிக்கு வைச்சனான் எண்டு சொல்லிப்போட்டன். உங்கட பேரை எடுக்கேல்லை அக்கா, யோசியாதேங்கோ."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். குட்டிக்காக அழுததெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.