எண்ணெய் தேய்த்த நாயும் கண்ணாடித் தொட்டியும்

எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் நாய் மூலமாகத்தான் பேசிக்கொள்வோம். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் என்றாவது சமாதானம் ஆகியிருப்போம். முன்பெல்லாம் மகள் மூலமாகப் பேசினோம். "அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு." "அம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசிக்கலன்னு." இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டுதான். பாதி வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மகள் வேலை கிடைத்து மெல்பர்னுக்குப் போனதும், அவள் விட்டுச் சென்ற நாய்க்கு அந்த உத்தியோகம் வந்து சேர்ந்தது. மகளைப் போல நாய் வார்த்தையைத் திரிப்பதில்லை. தமிழில் தூது என்று ஓர் இலக்கிய வகையே உண்டு. அன்னம், கிளி, மேகம், கடைசியில் புகையிலைகூடப் போயிருக்கிறது. நாயை அனுப்பிய புலவர் யாரையும் நான் படித்ததில்லை. எங்கள் ஊரான கிள்ளானில், ஓர் இரண்டு மாடி வரிசை வீட்டில் அந்தக் குறை தீர்ந்தது.

மகள் அவனுக்கு ஸ்டைலாக ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தாள். எங்களுக்கு அவன் 'டேய்'. கம்பத்து நாட்டு நாய், முன்னோர்களில் யாரோ ஒருவர் டாக்சண்ட் ஜாதி போலிருக்கிறது. உடம்பு பெஞ்சு நீளம், கால்கள் அதற்குப் பத்தாது. ரொட்டி சானாய் ஓரங்களைத் தின்று தின்று பெஞ்சு சோபாவாகிவிட்டது. ஒரு நாள் காலையில் வாசலில் லோரி ஹாரன் கேட்டுக் குரைக்க ஓடினான். முன்கால்கள் ஓடின. பின்கால்கள் வரவில்லை. தரையில் இழுபட்டபடி கேட் வரைக்கும் போய், குரைக்க வேண்டியதைக் குரைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

மிருக வைத்தியர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்தார். முதுகெலும்பில் டிஸ்க் நகர்ந்து நரம்பை அழுத்துகிறது, இருதயம் இருக்கும் இருப்பில் ஆபரேஷன் வேண்டாம் என்றார். இடுக்கியால் பின்கால் விரலை அழுத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நாய் அவர் கையை நக்கியது.

"ஃபீலிங் இல்ல," என்றார். "மருந்து கொடுப்போம், ரெஸ்ட் கொடுப்போம், அப்புறம் வாட்டர் தெராப்பி போங்க. அடுத்த செக்கப்லயும் ஃபீலிங் வரலன்னா, அவனை இப்படியே வச்சிருக்கறது பாவம். நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

ரெண்டு பேரும் பேசி. அவர் எவ்வளவு பெரிய காரியத்தைக் கேட்கிறார் என்று அவருக்குத் தெரியாது. யார் மூலமாகப் பேசுவோமோ அவனைப் பற்றித்தான் பேச வேண்டும். முடிவுக்கு வந்துவிட்டால் அதன் பிறகு பேச ஆளே இல்லை. இதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குத் தோன்ற வேண்டும். தோன்றவில்லை. பார்க்கிங் டிக்கெட்டை எந்தப் பையில் வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மனைவி சுவரில் ஒட்டியிருந்த உண்ணிப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

நாய் ஹாலில் ஒரு பழைய மெத்தையில் படுத்துவிட்டதால், செய்தி சொல்ல வேண்டியவர் அங்கே வந்து சொல்ல வேண்டியதாயிற்று. கேட்க வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்பது பற்றி விதி எதுவும் இல்லை. வீட்டில் பேச்சு பாதியாகக் குறைந்தது. எனக்கு அது உடனே உறைக்கவில்லை. ஃபேன் சத்தம் ஏன் இவ்வளவு கேட்கிறது, ரிப்பேரோ என்றுதான் நினைத்தேன்.

தெராப்பி பங்சாரில். கடைவரிசை ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில் ஓடும் பட்டை. நாயை உள்ளே நிறுத்திக் கதவை மூடினால் வெதுவெதுப்பான தண்ணீர் மெல்ல ஏறும். நடத்துவது அம்பாங்கைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். முதல் நாளே எனக்குப் போனில் சொல்லிவிட்டாள்: "காலைல சாப்பாடு வேணாம் அங்கிள். உடம்புல ஒண்ணும் தடவாதீங்க. பவுடர், எண்ணெய் எதுவும். ஃபில்டர் போயிடும்." நான் அதை அப்படியே போய் ஹாலில் நாயிடம் சொன்னேன். மனைவி அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற நிம்மதியில் பேப்பர் படிக்கப் போனேன்.

"இதுல என்னம்மா நடக்கும்?" என்று முதல் சனிக்கிழமை கேட்டேன்.

"தண்ணி அவன் வெயிட்டைத் தாங்கிக்கும் அங்கிள். தரைல நிக்க முடியாதவன் இதுல நிப்பான். மூட்டுக்கு வலி இருக்காது. சூட்டுல தசை இளகும், ரத்தம் ஓடும். அப்புறம் தண்ணியத் தள்ளிட்டு நடக்கறதே எக்சர்சைஸ்தானே. கொஞ்சம் இளைப்பான். இளைக்கட்டும்லா, முதுகுக்கு நல்லது."

"எனக்கும் முட்டி வலி இருக்கு."

"அங்கிள் சைஸ்க்கு லைஃப் ஜாக்கெட் இல்ல."

நாய் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டில் நின்றது. முன்கால்கள் நடந்தன. பின்கால்கள் கொடியில் போட்ட துணி மாதிரி தண்ணீரில் ஆடின. அந்தப் பெண் தொட்டிக்குள் இறங்கி அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து நடக்க வைத்தாள். அடுத்த சனிக்கிழமையும் துணிதான். அதற்கடுத்தும் துணிதான். மனைவி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பாள், நான் அந்தப் பக்கம். திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவேயில் ரேடியோ பேசும். அடுத்த வாரம் செக்கப் என்ற நிலைமை வந்தபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அழ வேண்டிய வயதில் அழாமல் விட்டால் குழாய் துருப்பிடித்துவிடும் போலிருக்கிறது.

செக்கப்புக்கு முந்தைய சனிக்கிழமை, கார் கிளம்பியதும் நல்லெண்ணெய் வாசனை வந்தது. மனைவி தலைக்குத் தேய்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். பெண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் கிழமை அல்ல என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தொட்டியில் தண்ணீர் ஏறியது. நாயின் இடுப்பைத் தொட்டதும் மேலே பொன்னிறமாக ஒரு படலம் விரிந்தது, மீன் கறி நன்றாகக் கொதித்து வரும்போது பிரியுமே, அந்த மாதிரி. அந்தப் பெண் பம்பை நிறுத்தினாள்.

"ஆன்டி, எண்ணெய் போட்டீங்களா?"

"பாசார்ல கோழி விக்கிற அக்கா சொன்னுச்சு. சுக்குத் தட்டிப் போட்டு, நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ச்சா நரம்பு பிடிக்குமாம். இன்னிக்கு சனிக்கிழமை. இவனும் ஆம்பளைதானே."

"தடவக் கூடாதுன்னு முதல்லயே சொன்னேனே ஆன்டி."

"எனக்கு யாரும் சொல்லல."

"அங்கிள்கிட்ட சொன்னேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "நான் சொல்லிட்டேன்," என்றேன்.

"யார்கிட்ட அங்கிள்?"

தொட்டிக்குள் மினுமினுத்துக்கொண்டிருந்தவனைக் காட்டினேன். அந்தப் பெண் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுத்த முறைக்காக ஒரு கொழுத்த கோல்டன் ரெட்ரீவருடன் காத்திருந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தொட்டியக் காலி பண்ணித்தான் கழுவணும். நீங்க ரெண்டு பேரும் அவனைப் பின்னால கொண்டு போய் ஷாம்பு போடுங்க. விரல் இடுக்கு எல்லாம். ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

பின்பக்கம் டைல்ஸ் போட்ட ஒரு குளியலறை. இருவரும் ஈரத்தரையில் மண்டியிட்டோம். எண்ணெயும் ஷாம்புவும் சேர்ந்த நாய் விலாங்கு மீன் மாதிரி கையில் நிற்கவில்லை. செய்தி அனுப்ப நேரமில்லை. தூதரின் காதில் வேறு நுரை.

"பிடிங்க."

"பிடிச்சிருக்கேன்."

"கழுத்தை ஏன் பிடிக்கிறீங்க? இடுப்பைப் பிடிங்க."

"இடுப்பு எது, வயிறு எதுன்னே தெரியல."

"உங்களுக்கு மட்டும் இடுப்பு தெரியுதாக்கும்."

மனைவி இடது பின்காலை எடுத்து விரல்களுக்கு நடுவே பெருவிரலை விட்டு அழுத்தித் தேய்த்தாள். வீட்டில் மீன் சட்டியை அப்படித்தான் தேய்ப்பாள். கால் அவள் கையை விட்டு நழுவியது.

"இழுக்கிறான்," என்றாள்.

"வழுக்கியிருக்கும்."

"எனக்குத் தெரியாதா? இழுக்கிறான்."

"இன்னொரு தடவை செய்."

செய்தாள். நாய் நுரையோடு தலையைத் திருப்பி, தன் காலையும் அவள் கையையும் பார்த்தது. அதில் அன்பு ஒன்றும் இல்லை. கூட்டத்தில் செருப்பை மிதித்தவரைப் பார்க்கும் பார்வை.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டோம். வந்து விரலைக் கிள்ளினாள். மறுபடி திரும்பிப் பார்த்தான், இந்த முறை லேசாக உறுமினான். "கால் மட்டும் இழுத்தா நம்ப முடியாது, மூளைக்குத் தெரியாமலே அப்படி இழுக்கும். திரும்பிப் பார்த்தான்ல, அதுதான் வேணும்," என்றாள். வலது காலில் இன்னும் ஒன்றும் இல்லை. இடது கால் போதும் தொடங்க, என்றாள்.

மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். பேன்ட் முட்டிவரை நனைந்திருப்பது மட்டும் தெரிந்தது. மனைவி அதே இடது காலைத் திரும்பவும் முதலிலிருந்து கழுவத் தொடங்கினாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

செக்கப்பில் டாக்டர் இடுக்கியை எடுத்ததும் நாய் காலை இழுத்துக்கொண்டு குரைத்தது. முடிவு எடுக்கும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்றார். தண்ணீர் என்கிறாள் அம்பாங் பெண். நல்லெண்ணெயும் சுக்கும் என்கிறாள் கோழி விற்கும் அக்கா. எனக்குக் கருத்து எதுவும் இல்லை. இப்போது அவன் தொட்டியில் நான்கு காலாலும் நடக்கிறான். தரையில், சம்பள நாளில் குடித்துவிட்டு வருகிறவர் மாதிரி கொஞ்சம் சாய்ந்து. தெராப்பியை விட்டுவிடக் கூடாது, விட்டால் தசை மறுபடி இளைத்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். வைத்துவிட்டு எழுந்து, குசினி வாசல்வரை போனேன். எங்கள் வீட்டில் அது நீண்ட பயணம். உள்ளே மனைவி அடுப்பருகில் நின்றாள்.

"சனிக்கிழமை அந்தப் பொண்ணு லீவாம். செவ்வாய்க்கிழமைக்கு மாத்திருக்கு," என்றேன்.

அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று என் பின்னால் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை நான் கோயிலுக்குப் போகணும்."

"நான் மட்டும் கூட்டிட்டுப் போறேன்."

"உங்களால தனியா தூக்க முடியாது."

"முடியாதுதான்."

"கோயிலுக்கு சாயந்திரம் போய்க்கிறேன்," என்றாள், அடுப்பைத் திரும்பவும் கூட்டினாள்.

நான் ஹாலுக்கு வந்தேன். அவன் மெத்தையில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை.