மாதங்கி டீச்சரின் சுத்தமான மண்

"முதல்ல கலரைச் சொல்லு. ஃபார்முலா எங்கேயும் ஓடிப்போகாது."

சோதனைக் குழாயை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். பார்த்தவர் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை மாதங்கி டீச்சர் யாரையும் பேனாவைத் தொட விடுவதில்லை.

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் ஒரு பள்ளியின் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறார். பாடப்புத்தகம் மேசையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. இந்த ஆண்டு ஒவ்வொருவரும் தம் வீட்டு மண்ணைக் கொண்டுவந்து, அதில் ஈயம் இருக்கிறதா என்று ஆராய வேண்டும். அமிலத்தில் ஊறவைத்து வடிகட்டி அயோடைடு விட்டால், ஈயம் இருக்கும் மண் மஞ்சள் காட்டும். "குழந்தைங்க மூளையைத்தான் அது முதல்ல பிடிக்கும்" என்று வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொல்வார். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திட்டு மட்டும் தமிழில். "ஏண்டா பிரிட்டோ, இது மண்ணா, உங்க வீட்டு ரசவண்டலா?"

ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான மண் வேண்டுமே. அது அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து ஊறுகாய் பாட்டிலில் வரும். "எங்க பாப்பா தின்னு வளர்ற மண்ணு. வேற சர்டிஃபிகேட் வேணுமா?"

பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை. "எங்க வம்சமே லேட்டு" என்று, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ரஞ்சனா மாஷியிடம் சொல்லிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புவார். கொல்லைச் சுவருக்கு அப்பால் முன்பு பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை இருந்தது. அதை மூடிவிட்டார்கள் என்பதால்தான் அந்த வீட்டையே வாங்கினார்கள்.

போன சனிக்கிழமை சாதனா இரண்டு குழாய்களையும் தூக்கினாள். "மிஸ், என்னோடதுல ஒண்ணும் வரலை. உங்களோடதுதான் மஞ்சள்."

"டியூபைக் கழுவியிருக்க மாட்டே, மகாராணி."

கழுவினாள். மறுபடியும் மஞ்சள்.

"மிஸ்ஸோட மண்ணே ஃபெயில்!" என்றான் பிரிட்டோ. வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். குழாயைப் பிடுங்கித் தானே கழுவினார். புது அமிலம், புது வடிதாள், பாட்டிலின் அடியிலிருந்து மண். சொட்டு விட்டு ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

இன்னும் வெளிச்சத்துக்குக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு தானாக அடங்கியது.

"என்ன கலர், மிஸ்?" சாதனா பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

டீச்சர் குழாயைக் கீழே வைத்தார். மண் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். ஏற்கெனவே மூடியிருந்ததை இன்னும் இறுக்கிக்கொண்டே இருந்தார்.