வீட்டுக்காரரின் பலகாரத் தட்டம்

போன கிழமை எங்கள் வீட்டுக்காரரின் வீட்டுக்குப் போய், ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தோம்.

இது ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். செய்திதான். எங்கள் வீட்டுக்காரரின் வாசற்படியை மிதித்த எவரும் இதுவரை வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. எதையாவது கேட்கப் போனவர்கள் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பியதும் இல்லை. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. பத்தி எழுதுகிறவன் புத்திசாலியாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிறவர். வாசிக்கட்டும்!

பாலையூற்றில் ஒரே வளவுக்குள், ஒரே கூரையின் கீழ் மூன்று வீடுகள். முன் வீட்டில் நானும் மனைவியும். நடு வீட்டில் அன்ரன், றீற்றா, அவர்களுடைய மூன்று வயது மகள் செரின். அன்ரனுக்குத் துறைமுகப் பக்கம் ஓர் ஆலையில் ஷிப்ட் வேலை. கடைசி வீட்டுக்குத் தை மாதம்தான் நசீரா ரீச்சர் வந்தார். சொந்த ஊர் கிண்ணியா. பாலம்தான் இருக்கிறதே, தினமும் வந்து போகலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"பாலம் இருக்கு சேர். பஸ் இருக்கணுமே" என்று சிரித்தார்.

மூன்று வீட்டுக்கும் பின்பக்கம் ஒரே ஒரு கிணறு. குழாய்த் தண்ணீர் 'இந்தா வருகுது' என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் குடிவந்த நாளிலிருந்து அது வந்துகொண்டே இருக்கிறது...

வீடு பார்க்க வந்த அன்று, கேற்றடியில் இருந்த ஒரு சீமெந்து மூடியைச் செருப்புக் காலால் தட்டிக் காட்டினார்.

"கக்கூஸ் குழி இஞ்ச. கிணறு அங்க, பின்னுக்கு. எவ்வளவு தூரம் பாத்தீங்களோ தம்பி? எனக்குச் சுகாதாரம்தான் முக்கியம்."

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மனைவியிடமும் சொன்னேன். பிறகுதான் தெரியும் — அன்ரனுக்கும் அதே மூடிதான், நசீரா ரீச்சருக்கும் அதே மூடிதான்.

இந்தமுறை மாரி மழை தெரியும்தானே? ஊரே ஊறிப்போய்க் கிடந்தது. மழை விட்ட கையோடு, கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல் ஒரு பக்கமாகச் சரிந்தது. றீற்றாதான் முதலில் கண்டார். கல்லுக்குக் கீழே மண் இறங்கி, வெடித்த கொங்கிறீட் மூடி ஒன்று தெரிந்தது. அதற்குள்ளிருந்து வந்த மணத்தை இந்தப் பத்தியில் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். காலைத் தேத்தண்ணீரோடு வாசிக்கிறவர்கள் பலர்.

அதுதான் எங்கள் மூன்று வீட்டுக்கும் குழி. கிணற்றுக்கும் அதற்கும் இடையில் ஒரு ஆள் கை காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான்.

அப்படியென்றால் கேற்றடி மூடிக்குள் என்ன இருக்கிறது? அன்ரன் அலவாங்கைக் கொண்டுபோய் நெம்பித் திறந்தார். ஈர மணலும் ஒரு தவளையும்.

நாங்கள் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். ஆனால் பல் தீட்டுவது? கோப்பை கழுவுவது? மூன்று வயதுப் பிள்ளையைக் குளிக்க வார்க்கும்போது வாயை மூடிக்கொண்டு நில் என்றால் நிற்குமா? செரினுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, தேறி வந்தாள். ஒரு கிழமை ஓடி விளையாடினாள். மீண்டும் படுத்தாள். வார்டில் என்னைக் கண்டதும் ஊசி குத்திய கையைத் தூக்கிக் காட்டினாள், ஏதோ புது வளையல் போட்டதைக் காட்டுவதைப் போல.

டொக்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எந்தத் தண்ணி பாவிக்கிறனீங்கள்?"

வேறு வீடு பார்க்கலாமே என்கிறீர்களா? பாருங்களேன்! கடலும் துறைமுகமும் தெரிகிற பக்கமெல்லாம் உல்லாசப் பயணிகளுக்கு அறை விடுகிறார்கள். மிஞ்சிய வீடுகளுக்கு ஆள் மேல் ஆள். இது வீட்டுக்காரருக்கும் நன்றாகத் தெரியும்.

சரி, அவரிடம் போய்க் கேட்கவில்லையா? போனோமே. ஒருவர் மாறி ஒருவர் போனோம்.

முதலில் நான். அவருடைய வீடு மேட்டில் இருக்கிறது. விறாந்தைக் கதிரையில் இருந்தால் துறைமுகம் முழுவதும் கண்ணுக்குள் வரும். நான் வாயைத் திறக்க முன்னர் கையை உயர்த்தினார்.

"முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி. கதை எங்க ஓடப்போகுது?"

அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அன்ரி என்போம். அன்ரி தட்டத்தோடு வந்தார். ரோல்ஸ், கட்லட், பயத்தம் பணியாரம். எல்லாம் அப்போதுதான் சட்டியிலிருந்து இறங்கியவை. வைத்துவிட்டு, "இன்னும் பொரியுது, எழும்பிப் போயிடாதேங்கோ" என்று குசினிக்குள் போய்விட்டார்.

வீட்டுக்காரர் என் பத்திகளைப் பற்றிப் பேசினார். போன கிழமை எழுதியது, அதற்கு முந்திய கிழமை எழுதியது, எல்லாவற்றையும் மெச்சினார். ஒரு எழுத்தாளனின் வாயை அடைக்க ரோல்ஸே போதும். பாராட்டும் சேர்ந்தால்?

நீங்களே சொல்லுங்கள் — ஒருவருடைய வீட்டு ரோல்ஸை மென்றுகொண்டு, 'ஐயா, உங்கள் குழி எங்கள் கிணற்றுக்குள் வருகிறது' என்று எப்படிச் சொல்வது? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்ட சனம் நாங்கள். கடைசியில் கேற்றடியில், செருப்பை மாட்டும்போது, முணுமுணுத்து வைத்தேன்.

"ஓம் ஓம். நாளைக்கே ஆள் அனுப்புறன்."

அந்த நாளை இன்னும் விடியவில்லை.

அடுத்ததாக அன்ரன் போனார். நல்ல கோபத்தோடுதான் போனார். மத்தியானம் போனவர் பின்னேரம் வந்தார், கையில் ஒரு பார்சலும்.

"என்ன சொன்னவர்?" என்றேன்.

"நண்டுக் கறி திறம், அண்ணை."

"கிணறு?"

அன்ரன் நிலத்தைப் பார்த்தார். "சோத்தில கை வச்ச பிறகு எப்பிடி அண்ணை சண்டை பிடிக்கிறது?"

நசீரா ரீச்சர் போனபோது கேக் வந்ததாம். "ரீச்சருக்கெண்டு கிண்ணியாக் கடையிலதான் எடுப்பிச்சனான். ஹலால்தான், யோசியாமல் சாப்பிடுங்கோ" என்றாராம் வீட்டுக்காரர். எவ்வளவு அக்கறை! மிச்சக் கேக்கை ரீச்சர் எங்கள் வீட்டுக்கும் தந்தார். நானும் சாப்பிட்டேன். நல்ல கேக்.

இப்படியே மாசியும் வந்து, நோன்பும் தொடங்கிவிட்டது. செரின் இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, றீற்றா பிள்ளையை என் மனைவியின் மடியில் இருத்திவிட்டு, தலையை வாரிக் கட்டினார்.

"நான் போறன். ஆர் வந்தாலும் வராட்டிலும் போறன்."

ரீச்சர் நோன்பு லீவுக்கு ஊருக்குப் போவதற்காகப் பையோடு வெளியே வந்தவர். றீற்றாவின் முகத்தைப் பார்த்தார். பையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு வந்தார். அன்ரனுக்கு அன்று ஷிப்ட். இரண்டு பெண்கள் போகும்போது நான் கதிரையில் இருக்கலாமா? நானும் ஓட்டோவில் ஏறினேன்.

வீட்டுக்காரர் வழமைபோல் வரவேற்றார். கதிரைகளைத் தூசி தட்டினார். உள்ளேயிருந்து பொரியல் வாசனை வந்தது. அன்ரி தட்டத்தோடு வந்தார்.

ரீச்சர் எழுந்து நின்றார். "எனக்கு நோன்பு அன்ரி. பரவாயில்ல, அவங்களுக்குக் குடுங்க. நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

"சீச்சீ!" என்றார் வீட்டுக்காரர். "நோன்பு பிடிச்சிருக்கிற பிள்ளைக்கு முன்னால நாங்கள் இருந்து தின்னுறதோ? அது மரியாதையில்லை. கொண்டுபோங்கோ உள்ளுக்கு!"

அவர் நடிக்கவில்லை. அதில் அவர் உண்மையான மனிதர். இந்த ஊரில் பக்கத்து வீட்டில் நோன்பென்றால், நாங்களும் முற்றத்தில் நின்று எதையும் சப்ப மாட்டோம். யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனால் அந்த மரியாதையைச் சொன்ன வாய்க்கு, அதனால் என்ன நடக்கப் போகிறது என்று தெரியவில்லை. தட்டம் திரும்பி உள்ளே போனது. நானும் அதன் பின்னால் கொஞ்சத் தூரம் கண்ணால் போய்விட்டு வந்தேன்.

இப்போது விறாந்தையில் நாலு பேர். எவர் கையிலும் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். "கோதுமைக் கப்பல் போல கிடக்கு" என்று துறைமுகத்தைக் காட்டினார். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்கிள்" என்றார் றீற்றா. "குழி கேற்றடியில எண்டு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

அவ்வளவு நேராக அந்த விறாந்தையில் எவரும் பேசியிருக்க மாட்டார்கள்.

"பொய்யில்லைப் பிள்ளை... கிணத்தடியில இருக்கிறது பழைய குழி. அது பாவிக்கிறேல்லை."

"அப்ப புதுக் குழி எங்க ஐயா?" என்றார் ரீச்சர். "கேற்றடி மூடியைத் திறந்து பாத்தாச்சு. தவளைதான் குடியிருக்கு."

"உங்களிலயும் பிழை இருக்கு. மூண்டு வீட்டுக்காரரும் கண்டபாட்டுக்குத் தண்ணியை ஊத்தினால் எந்தக் குழிதான் தாங்கும்?"

"ஐயா," என்றேன். அது என் குரல்தான். "பிள்ளை ரெண்டுதரம் ஆஸ்பத்திரியில கிடந்திட்டாள். நீங்கள் எல்லாருக்கும் அந்த மூடியைத்தான் காட்டினனீங்கள்."

"எந்தப் பிள்ளை?"

இது வாசலில் இருந்து வந்தது. அன்ரி நின்றுகொண்டிருந்தார். மற்ற நாட்களில் நாங்கள் விறாந்தையில் இருக்கும் நேரமெல்லாம் அவர் அடுப்படியில். எண்ணெய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. இன்றைக்குத் தட்டத்தை மூடி வைத்துவிட்டு, செய்ய வேலையில்லாமல் வந்து நின்றிருக்கிறார்.

"எந்தப் பிள்ளைக்கு என்ன? எந்தக் குழி?"

றீற்றா முதலிலிருந்து சொன்னார். கல் சரிந்தது, மணம், வயிற்றோட்டம், சேலைன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அன்ரி ஒரு கதிரையில் இருந்தார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"நான் நினைச்சன்..." என்று தொடங்கி, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். "நீங்கள் எல்லாரும் என்ர கைப் பலகாரத்தில ஆசைப்பட்டுத்தான் வாறனீங்கள் எண்டு நினைச்சன். குடியிருக்கிற ஆக்கள் வருகினமாம் எண்டு இவர் சொன்னால், விழுந்தடிச்சுப் பொரிக்கிறனான்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கோதுமைக் கப்பலைப் பார்த்தேன்.

அன்ரி எழுந்தார். புருஷனைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. சந்தைக்குப் போக வேண்டும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

"இஞ்சருங்கோ. குழி உறிஞ்சுற பவுசர் வந்து, எல்லாம் துப்புரவாகி, கிணறு இறைக்கத் தொடங்குமட்டும் இந்த வீட்டில அடுப்பு எரியாது. ரீச்சருக்குப் பின்னேரம் நோன்பு திறக்கலாம். உங்களுக்கு எப்பயெண்டு நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ."

"சும்மா இரும். ஆக்களுக்கு முன்னால என்ன கதை இது?"

அன்ரி உள்ளே போய்விட்டார். நாங்களும் எழுந்தோம். கேற்றடி வரை வந்த வீட்டுக்காரர், நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று இந்தமுறை சொல்லவில்லை.

சொல்லாத நாளை விடிந்தது. காலையிலேயே பவுசர் வந்து வாசலில் நின்றது. பின்னால் ஓட்டோவில் வீட்டுக்காரர், கடைப் பாண் சாப்பிட்ட முகத்தோடு. குழியை உறிஞ்சி எடுத்தார்கள். அடுத்த நாள் கிணற்றை இறைத்து, அடிச் சேற்றை அள்ளி, மருந்து போட்டார்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீரில் மாதிரி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். முடிவு வரும்வரை எங்களுக்குத் தண்ணீர்ப் பவுசர் ஒன்றில் நல்ல தண்ணீர் வருகிறது. கேற்றடியில் இப்போது புதுக் குழி வெட்டுகிறார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்கிறார். தான் சொன்ன பொய்யை உண்மையாக்க இவ்வளவு பாடுபட்ட மனிதரை நான் கண்டதில்லை.

அவரைக் கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு வரவில்லை. நோன்பாளிக்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்று தெரிந்தவர். பிள்ளை வாழும் வீட்டில் அழுக்குத் தண்ணீர் ஓடக் கூடாது என்று தெரியாதவரா? தெரியும். ஆனால் கேட்கிறவன் வாய் நிறைந்திருக்கும்வரை செய்யத் தேவையில்லை என்றும் தெரியும். எனக்கு அவரில் கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் நீட்டிய போதெல்லாம் வாயைத் திறந்தவர்கள் நாங்கள்தான் என்பதில் அதைவிடக் கோபம்.

நேற்றுப் பின்னேரம், ரீச்சர் நோன்பு திறந்த கையோடு, அன்ரி தனியாக வந்தார். இதற்கு முதல் இந்த வளவுக்கு அவர் வந்ததேயில்லை. கையில் பெரிய சாப்பாட்டுக் கரியர். செரினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கிணற்றைப் போய்ப் பார்த்தார். மூன்று வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்தார். பிறகு றீற்றா வீட்டு வாசற்படியில் வந்து இருந்தார்.

றீற்றா கோப்பைகளை எடுத்து வந்து, கரியரைத் திறக்கக் கை நீட்டினார். அன்ரி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பொறும் பிள்ளை. இன்னும் என்னென்ன குறை இருக்கு? முதல் அதைச் சொல்லுங்கோ. பிறகு சாப்பிடுவம்."

சொல்லத் தொடங்கினோம். சோறு ஆறிப் போய்விட்டது.