எண்ணெய் பூசிய படம்

எங்கள் தீவூரான கரம்பொனில் இரும்பைச் சும்மா விட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். அதனால் அப்பா வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒரு பழந்துணியும் தேங்காயெண்ணெய்ப் போத்தலுமாய் உட்காருவார். பூட்டு, பாக்குவெட்டி, தன் உயிரான சைக்கிள் என்று ஒவ்வொன்றாய்த் துடைத்துப் பூசுவார். எல்லா இரும்புக்கும் அந்த மரியாதை கிடைக்காது. வாசல் படலைக் கொளுக்கி துருவேறிக் கறள் பிடித்தே கிடந்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அப்போது எங்கள் வாசிகசாலைக்கு ஒரு கொம்பியூட்டர் வந்திருந்தது. அக்கா அதிலே குடியிருந்தாள் என்றே சொல்லலாம். மவுஸைப் பிடித்துப் புள்ளி புள்ளியாய் அனலைதீவுக்கு ஆளேற்றும் படகை அவள் கீறி முடிக்க ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் போனது. இடம் காணாதென்று வாசிகசாலை அண்ணை பின்னேரமானால் எல்லாருடைய படங்களையும் அழித்துவிடுவார். ஆகவே அந்தப் படகு இருந்தது அக்காவின் அலுமாரிக்குள் இருந்த பிளொப்பி ஒன்றில் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமை நடக்கும் போட்டிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும்.

படம் முடிந்ததும் அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினாள். கனநேரம் பார்த்தார். பிறகு "ம்" என்றார். அவ்வளவுதான். அக்காவின் முகம் தொங்கிப்போயிற்று.

போட்டியில் பிளொப்பியைப் போட்டதும் மெஷின் உறுமியது, படம் வரவில்லை. அங்கிருந்த சேர் அதை வெளியே எடுத்து, அதன் வாயை மூடியிருந்த இரும்புத் தகட்டை விலக்கினார். விரலை மோந்து பார்த்தார்.

"பிள்ளை, இதுக்கை ஆர் எண்ணெய் விட்டது?"

வீடு வந்ததும் அக்கா எண்ணெய் படிந்த பிளொப்பியை நீட்டினாள். படலையில் காத்து நின்ற அப்பா ஒளிக்கவில்லை.

"தகடு ஒண்டு இருந்தது. கறள் பிடிச்சிடும் எண்டு நான்தான் பூசினனான்."

"படம் அழிஞ்சு போட்டுது அப்பா," என்றாள் அக்கா. அதன்பிறகு வெகுநாள் அவருடன் பேசவில்லை. உலகத்திலேயே பெரிய மக்கு எங்கள் அப்பாதான் என்று எனக்குப் பட்டது.

ஆனால் பிளொப்பியை அவள் எறியவில்லை. கலியாணமாகிக் கனடா போனபோது அதையும் கொண்டுபோனாள். போன வருடம் அங்கே, பழைய கொம்பியூட்டர்களில் கீறிய படங்களைத் தேடிச் சேர்த்துவைக்கும் சிலரைக் கண்டுபிடித்தாள். அவர்கள் உள்ளிருந்த மெல்லிய தட்டை எடுத்துக் கழுவி, வேறொரு கூட்டில் போட்டு வாசித்தார்களாம். எண்ணெய்க் கதையையும் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்களாம்.

படம் என் போனுக்கு வந்தது. அடியில் கடல் கோடுகோடாய்ச் சிதைந்திருந்தது. படகு முழுதாக இருந்தது. அதில் சனத்துக்கு நடுவே, சைக்கிளைப் பிடித்தபடி அப்பா. போனை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அப்பா பார்த்தார். "ம்" என்றார். பிறகு, "சைக்கிள் கறள் பிடிக்கேல்லை," என்றார்.

அன்று எனக்கு விளங்காதது இதுதான்: அப்பா பார்த்ததுக்கெல்லாம் எண்ணெய் பூசுகிறவர் அல்ல. காலத்துக்கும் இருக்கவேண்டும் என்று நினைத்ததுக்குத்தான் பூசுவார். அந்த வெள்ளிக்கிழமை, சைக்கிளைத் துடைத்த துணியோடு எழுந்துபோய், அக்காவின் அலுமாரியைத் திறந்திருக்கிறார்.