வேர் கிள்ளிய காளான்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகப் போகும், முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன், மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இடி இடித்துப் பெய்த மழைக்கு மறுநாள் காலையில் எங்கள் வடக்குப்பட்டு மண் மணக்குமே, ஊறவைத்த பச்சரிசி மாதிரி, அது மட்டும் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. அந்த மணம் வந்தால் புற்றில் காளான் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

விடிந்ததும் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாரும் பாவாடையைத் தூக்கி மடி கட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் ஓடுவோம். புற்றிலும் புற்றைச் சுற்றிய மண்ணிலும் முளைப்பதுதான் "புத்துக் காளான்". உச்சியில் முலைக்காம்பு மாதிரி ஒரு குமிழ் இருக்கும். தண்டைப் பிடித்து இழுத்தால் வராது, குச்சியால் தோண்டத் தோண்ட வேர் மாதிரி ஒரு வால் கீழே போய்க்கொண்டே இருக்கும், சிலது முழங்கை நீளம்கூட வரும். கரைப்புல்லில் வேறொன்று முளைக்கும். அதுவும் வெள்ளைதான், அதைவிடப் பெரிது, பார்க்க அதைவிட அழகு. ஆனால் தண்டில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு வளையம் இருக்கும், அடியில் வால் இருக்காது, முற்றினால் குடைக்கு உள்பக்கத்து மடிப்பெல்லாம் பாசி நிறமாகிவிடும். அதனால் எங்கள் அம்மா, "வேர் இல்லாம ஒண்ணுகூட வூட்டுக்குள்ள கொண்டாராதடி" என்பாள். பின்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாலைப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். வால் இல்லாதது எருக்குழிக்குப் போகும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அதிகம் பேசாத பிள்ளை, நாலு பேர் சேர்ந்தால் பின்னால் நிற்பேன், புற்றிலும் அப்படித்தான், மற்றவர்கள் பொறுக்கி முடித்த பிறகுதான் போவேன். அன்றைக்கு எதிர்வீட்டுச் செங்கேணி தன் மடியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்து என் மடியை எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, ஈக்குக்கூடப் பத்தாது போலக்கீதே! உங்க வூட்ல இன்னிக்கு வெறும் மொளகாத் தண்ணியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து, கரைப்புல்லில் இருந்த மூன்றைப் பிடுங்கினேன். மூன்றே மூன்று. ஒவ்வொன்றும் பெரிய குடை, மடி நிறைந்துவிட்டது.

வளையம் தெரிந்துவிடுமே என்று அந்த மூன்றின் தண்டையும் குடையோடு ஒட்டக் கிள்ளி எறிந்தேன். அது மட்டும் வித்தியாசமாக இருக்குமே என்று நல்ல காளான் ஐந்தாறின் தண்டையும் கிள்ளிப் போட்டேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு புத்தி எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அம்மா பார்த்துவிட்டு, "இன்னாடி, வேரு எங்க?" என்றாள்.

"மண்ணு இறுகிப் போய்க்கீதும்மா, ஒடஞ்சிடுச்சு."

"எல்லாம் புத்துல எடுத்தது தானே?"

"ஆமாம்மா."

மண் இறுகியிருந்தால் ஒடிவதும் உண்டு. ஆனாலும் அவள் மனம் ஒப்பவில்லை, அத்தனையையும் எருக்குழியில் கொட்டவும் மனம் வரவில்லை. கால்விரலிலிருந்து வெள்ளி மெட்டியைக் கழற்றிக் கழுவி, குழம்பு கொதிக்கும்போது சட்டியில் போட்டாள். விஷமாக இருந்தால் வெள்ளி கறுத்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்பினோம். கரண்டியால் எடுத்துப் பார்த்தாள். மெட்டி பளபளவென்று இருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கே நிம்மதியாகிவிட்டது.

உச்சி வெயிலில் சாப்பிட்டோம். பொழுது சாய்வதற்குள் அம்மாவும் நானும் வாயாலும் வயிற்றாலும் போய்ப் போய்ச் சுருண்டுவிட்டோம். அப்பா வெளியூரில் கல் உடைக்கப் போயிருந்தார். என் தங்கச்சி எல்லம்மாவுக்கு நான்கு வயது, அவளுக்குக் காளான் என்றால் உயிர், என் பங்கிலிருந்தும் இரண்டு துண்டு வாங்கித் தின்றிருந்தாள். அவளுக்குத்தான் நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டு மாட்டு வண்டியில் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "அக்கா, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. பாதி வழியில் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேலை இல்லை.

ஊர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. "புருசன் உசுரோட கீறான், மெட்டியைக் கழட்டி சட்டில போட்டா வூடு வெளங்குமா?" என்று அம்மாவைத்தான் பேசினார்கள். அப்பாவும் அதையே சொல்லி அடித்தார். அம்மா அந்த மெட்டியைத் திரும்பப் போடவே இல்லை. பல வருஷம் கழித்துக்கூட வேலை நடுவில் சட்டென்று நிறுத்தி, "மெட்டி வெள்ளையாத்தானே இருந்துச்சு? நீயும் பாத்தே இல்ல?" என்று கேட்பாள். "பாத்தேம்மா" என்பேன். அது பொய் இல்லை. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியாகப் படுத்திருந்தபோது கேட்டதற்கும் அதையேதான் சொன்னேன்.

இப்போது அந்தப் புற்று இருந்த இடத்தில் ஒரு கம்பெனியின் பஸ் நிற்கிறது. செங்கேணி எங்கே கட்டிக்கொண்டு போனாள் என்பதுகூட நினைவில்லை. என் வீட்டு மாடி அறையில் தென்காசிப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள், ஷிப்ட் வேலை. போன வாரம் மழைக்குப் பிறகு, கம்பெனி வாசல் புல்தரையில் முளைத்ததென்று ஒரு பை நிறையக் காளான் கொண்டுவந்தார்கள்.

"வேரு எங்கம்மா?" என்றேன்.

"கத்தி வச்சு அறுத்துட்டோம் பாட்டி. எங்கூர்லயும் மொளைக்கும்லா, ஒண்ணும் செய்யாது" என்றாள் சின்னவள் முத்து. பெரியவள் கையில் அவளுடைய வெள்ளிக் கொலுசு இருந்தது. சட்டியில் போட்டுப் பார்க்கக் கழற்றி வைத்திருந்தாள்.

பையைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். முத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏம் பாட்டி, பாடுபட்டுப் பறிச்சதுல்லா?" என்றாள். என் தங்கச்சி இதைத் தின்றுதான் செத்தாள் என்று மட்டும் சொன்னேன். தண்டைக் கிள்ளியது யார் என்று அவர்களிடமும் சொல்லவில்லை. "எழுதி வைங்க பாட்டி, எல்லாரும் படிக்கட்டும்" என்று நோட்டுப் புத்தகம் கொடுத்தாள் பெரியவள். அதில்தான் இதை எழுதுகிறேன்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். பாசி நிறம் முற்றிய பிறகுதான் வருமா, முன்பே தெரியுமா என்று எனக்கு நிச்சயமில்லை. வால் இருப்பதெல்லாம் நல்லதுதானா என்றும் தெரியாது. என் சொல்லை நம்பி யாரும் பறித்துத் தின்ன வேண்டாம். விஷமாக இருந்தாலும் வெள்ளி கறுக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும். எல்லம்மாவுக்கு நான்கு வயது என்று எழுதியிருக்கிறேன், ஐந்தாகவும் இருக்கலாம். அதைச் சரிபார்க்க அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.