வெறும் வயிறு

மஞ்சள் வேகவைத்துக் காயப்போடும் மாதத்தில் எங்கள் வீட்டில் யாருக்குக் காமாலை வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் களத்தில் அப்பாவின் உள்ளங்கை, வேட்டி, குளித்துவிட்டுத் துடைக்கிற துண்டு எல்லாமே மஞ்சள்தான். உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார். மஞ்சள் தூசி என்றோம். கண்ணும் மஞ்சளாக இருக்கிறதே என்று கடைசியில் கேட்டவர் பால் கறக்க வந்தவர். அதற்குள் அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு கட்டிலே ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் இத்தனை பேர் இருந்தோமே, எங்கள் கண்ணெல்லாம் எங்கே போயிருந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக வரும்.

சேலத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"பித்தப்பையில இருந்து ஒரு கல்லு இறங்கி பித்தக்குழாயை அடைச்சிருக்கு. தேங்கின பித்தத்துல சீழ் பிடிச்சிருச்சு. ரத்தத்துலயும் பரவ ஆரம்பிச்சிருக்கு. காலையில முதல் ஆளா எடுத்துடணும், தள்ளிப்போட முடியாது."

கேமரா வைத்த குழாயை வாய் வழியாகக் குடல் வரைக்கும் இறக்குவார்களாம். பித்தக்குழாய் வந்து திறக்கிற இடத்தைச் சற்றே கீறி, கல்லை இழுத்துப் போடுவார்களாம். கணையத்தின் குழாயும் அதே இடத்தில்தான் வந்து சேர்கிறது, அது வீங்கிக்கொண்டால் தனித் தொல்லை என்றும் சொன்னார். பாதி என் காதில் ஏறவில்லை. பரவ ஆரம்பித்திருக்கிறது என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன்.

"மயக்க மருந்து கொடுப்போம். வெறும் வயித்துல இருக்கணும், தண்ணிகூட கூடாது. மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிட்டா ஆளைக் காப்பாத்தறது கஷ்டம்" என்றார். இது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அன்று சாயங்காலம் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து அத்தை வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு ஒரே அக்கா. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரின் சம்பந்தி வரைக்கும் விசாரித்து முடித்துவிட்டுத்தான் இறங்குவார். அவரிடம், "காலையில அப்பா வெறும் வயித்துல இருக்கணுமாமுங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

"அதுக்கென்ன கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றார். முகம்கூடத் தெளிந்தது. துணைக்கு ஆள் கிடைத்தது என்று எனக்கும் நிம்மதி.

காலையில் மருந்து வாங்கக் கீழே போய்விட்டு வந்தேன். அப்பாவைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். உதடு காய்ந்து, கண் சொருகிக் கிடந்தார். நர்ஸ் கேட்டார், "ஐயா, காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"வெறும் வயிறுதானுங்க" என்றார் அப்பா முனகலாக.

கட்டில் நகர்ந்தது. கூடவே நடந்த அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை, சாமி பேரைக்கூடச் சொல்லவில்லை. அத்தை வாயை மூடிக்கொண்டு இருந்து நான் பார்த்ததே இல்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் பச்சை.

எங்கள் பக்கம் காமாலைக்குப் பச்சிலை அரைத்துக் கொடுப்பார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில்தான் கொடுப்பார்கள். கொடுத்தவர் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பலிக்காது.

கட்டிலைப் பிடித்து நிறுத்தினேன். "என்னம்மா, உள்ள எல்லாரும் காத்திருக்காங்க" என்றார் நர்ஸ்.

"அத்தை, அப்பாவுக்கு என்ன குடுத்தீங்க?"

அத்தை தலையை மட்டும் ஆட்டினார்.

"குடுத்தீங்களா இல்லீங்களா?"

உதட்டை இறுக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. சத்தம் கேட்டு டாக்டரம்மாவே வெளியே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "என்ன குடுத்தாங்க, எவ்வளவு, எப்போ? அது தெரியாம நான் மயக்கம் குடுக்க முடியாது. அதுக்காக இவரைப் போட்டு வச்சிருக்கவும் முடியாது. பிரஷர் இறங்கிக்கிட்டே வருது" என்றார்.

எங்கள் பக்கம் பெரியவர்களிடம் 'ங்க' போடாமல் பேசினால் கன்னம் பழுத்துவிடும். அன்று நான் போடவில்லை.

"சொல்லு அத்தை. நீ சொல்லாட்டி அப்பா செத்துருவாரு."

"சொன்னாத்தான் சாமி, அவன் செத்துருவான்" என்றார் அத்தை. ஒருவழியாக வாயைத் திறந்துவிட்டார். திறந்த பிறகு அவரால் மூட முடியவில்லை. "ஒரு டம்ளரு. ஆட்டுப்பால்ல அரைச்சு. நீ கீழ போனயே, அப்பத்தான். வெறும் வயித்துலதான் குடுத்தேன், நீதான சொன்ன?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "சொன்னீங்களே, அது போதும்" என்று அத்தையின் கையைத் தொட்டுவிட்டு உள்ளே ஓடினார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் இருப்பதை உறிஞ்சி எடுத்து, மூச்சுக்குழாய்க்கும் தனியாகக் குழாய் போட்டுவிட்டுத்தான் மயக்கம் கொடுக்கப் போகிறோம், இல்லையென்றால் ஆபத்து என்று நர்ஸ் வந்து என்னிடம் கையெழுத்து வாங்கிப் போனார்.

கதவு மூடிக்கொண்டது. அத்தை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சு, போச்சு" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை கதவு அசைந்தபோதும் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லாம் வேறு யாரையோ கூப்பிட்டுப் போனார்கள்.

கடைசியில் டாக்டரம்மா வந்தார். கல் வெளியே வந்துவிட்டது, சீழும் வடிந்துவிட்டது என்றார். "நாங்க குழாய் விட்டு உறிஞ்சப்போ பச்சையா எவ்வளவு வந்தது தெரியுமா? இந்த அம்மா சொல்லியிருக்காட்டி இப்ப நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்."

அத்தையின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, "கேட்டீங்களா அத்தை, நீங்க சொன்னதாலதான் அப்பா பொழச்சாரு" என்றேன். 'ங்க' தானாகத் திரும்பி வந்திருந்தது. அத்தை என்னைப் பார்த்தார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

சாயங்காலம் அப்பா கண் திறந்தார். கண் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் அத்தை கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், தனக்கு இளையவனின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிப்போட்டேன் தம்பி" என்றார். "உன்ற மருந்த நானே கெடுத்துப்போட்டேன். மன்னிச்சுக்க சாமி."