வியாழக்கிழமைக் கடற்கரை

அன்று மொட்டைமாடியில் இருந்தவர்களை முதலிலேயே எண்ணிச் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் அங்கே இல்லவே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. நான், என் மனைவி, அவளுடைய தம்பி, மாட்டுங்காவிலிருந்து வந்த மேடம், மேடத்தின் போனுக்குள் தீவு முதலாளி, கடைசியாக வந்து சேர்ந்த பக்கத்து வீட்டு அக்கா. ஆறு பேர். காக்கைகளைச் சேர்க்கவில்லை.

தாராவியில் எனக்குத் திரைச்சீலை தைக்கும் கார்கானா இருக்கிறது. மூன்று தையல் மெஷின், ஒரு வெட்டு மேஜை. அந்த மாதக் கடைசிக்குள் டெபாசிட்டைக் கூட்டித் தராவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று இடத்துக்காரர் சொல்லியிருந்தார். எனக்கிருந்த ஒரே வழி, ஓட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்துதரும் அந்த மேடம் கொண்டுவந்த ஆர்டர். எங்கோ ஒரு தீவில், கடலைப் பார்த்து வரிசையாகப் பன்னிரண்டு வில்லாக்கள், எல்லாம் வாடகைக்கு. பன்னிரண்டுக்கும் திரை, கட்டில்களுக்குக் கொசுவலை. முதலாளி சரி என்றால் அன்றைக்கே அட்வான்ஸ்.

வில்லாக்களின் படங்கள் போனில் வந்தன. கட்டிலில் படுத்துக் கால் நீட்டினால் கடல். குளிக்கும் தொட்டி வெளியே, வானத்துக்குக் கீழே. ஒரு ராத்திரிக்கு அவர்கள் வாங்குவது என் கார்கானாவின் ஏழு மாத வாடகை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் படிக்க முடியாமல், படத்தைப் பார்த்தே கவலைப்பட்டேன். கடல் உள்ளே வந்துவிட்டால்? உப்புக்காற்றில் திரை வளையம் துருப்பிடித்தால்? துணிக்கொடி எங்கேயுமே இல்லையே, குளித்தவர்கள் துண்டை எங்கே காயப்போடுவார்கள்? ஒவ்வொரு சந்தேகத்தையும் பேசிப் பதிந்து மேடத்துக்கு அனுப்பினேன். பதினோராவதுக்குப் பதில் வந்தது.

“நீங்க திரைய மட்டும் தையுங்கோ. கடல அவா பாத்துப்பா.”

திரை கடற்காற்றில் எப்படி விழுகிறது என்று முதலாளி வீடியோவில் பார்க்க வேண்டுமாம். மாஹிம் கடற்கரைக்குப் போகலாம் என்றான் மைத்துனன். போலீஸ் கேட்டால் என்ன சொல்வது, துணி பறந்து கடலில் விழுந்தால் என்ன செய்வது என்று நான் கேட்கக் கேட்க அவன் முகம் போன போக்கைப் பார்த்து, மொட்டைமாடி என்று முடிவானது.

அவன் கல்யாணப் பந்தல் போடுகிறவன். நான்கு இரும்புக் குழாயை நட்டுத் திரையைத் தொங்கவிட்டான். மழைக்குக் கூரைமேல் போடும் நீலத் தார்ப்பாயை விரித்தான், அது கடல். இரண்டு மூட்டை மணலைக் கொட்டினான், அது கரை. அதன்மேல் நான் ஒரு வெள்ளைத் துணியை விரித்தேன், படத்தில் அப்படி இருந்தது. காற்றுக்கு மேஜை விசிறி, விசிறிக்கு என் மனைவி.

இதில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. எங்கள் கட்டடத்தில் ஏழு குடும்பத்துக்கும் ஒரே மாடி. துணியோ மிளகாயோ காயப்போட வீட்டுக்கு ஒரு கிழமை. செவ்வாய் எனக்கு. திரைத்துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்தால்தான் பிறகு சுருங்காது, அதற்கு அந்த நாள். வியாழன் பக்கத்து வீட்டு அக்காவுக்கு. முதலாளி சொன்னது வியாழக்கிழமை. கேட்டால் முடியாது என்றுவிடுவாளோ என்ற பயத்தில் நான் அக்காவிடம் கேட்கவே இல்லை.

மேடம் போனைத் தூக்கிப் பிடித்தார். போனுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு முகம்.

“காத்து,” என்றான் மைத்துனன். மனைவி விசிறியைத் தட்டினாள். திரை எழுந்து அழகாக விழுந்தது. அதே நேரம் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து தார்ப்பாயில் ஓடியது.

“அத்தான், அலை!” என்றான் அவன், தானே செய்ததுபோல.

முதலாளி ஏதோ சொன்னார். மேடத்தின் முகம் சுருங்கியது. “திரை தேவலையாம். ஆனா மொத்தத்துல உயிரே இல்லயாம். யோசிச்சுச் சொல்றேங்கறார்.”

யோசிக்கிறேன் என்றவர் யாரும் எனக்கு ஆர்டர் தந்ததில்லை. விசிறியை நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தபோது படியில் சத்தம். இடுப்பில் கூழ்ப்பாத்திரமும் கையில் பிழியும் நாழியுமாக அக்கா வந்தாள். குழாய்களைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்.

“ஏ தம்பி, என்னய்யா இது, சும்மா காலி பீலி கூத்து? இன்னைக்கு எம் முறைல்லா?”

“அக்கா, ஒரு அஞ்சு நிமிசம்...”

“வெயிலு ஒனக்காவ அஞ்சு நிமிசம் நிக்குமால? சீத்தா கேம்புல எம் மவ மாமியாருக்கு வத்தல் குடுத்து விடணும்.” அப்போதுதான் மணல்மேல் இருந்த துணி அவள் கண்ணில் பட்டது. “அடடே, எனக்குத் துணியெல்லாம் விரிச்சு வச்சிருக்கியே. நல்ல மனசுய்யா.”

உட்கார்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வட்டம் வட்டமாகப் பிழிய ஆரம்பித்துவிட்டாள்.

போனுக்குள் முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். பேச்சு வேகமாக வந்தது. மேடம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “அந்த வெள்ளையா இருக்கே, அது என்ன பவளமாங்கறார். இதத்தான் இத்தனை நாளா தேடிண்டிருந்தாராம்.”

“மேடம், அது கூழ்வத்தல்.”

“எனக்குத் தெரியாதா? எங்காத்துலயும் போடறதுண்டு.” போனைப் பார்த்து இங்கிலீஷில் இரண்டே வாக்கியம் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “கையால பண்ணினது, வெயில்ல காயறதுன்னேன். இதுல எது பொய்?”

ஆர்டர் கிடைத்தது. திரையும் வலையும், அவற்றோடு வில்லாவுக்கு இரண்டு கிலோ வெள்ளை அலங்காரம், கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வாசலில் வைக்க. டெபாசிட்டைக் கட்டினேன். அக்காவிடம் கிலோ முந்நூற்றைம்பது என்று பேசி, அடுத்த வியாழக்கிழமைகளில் இருபத்துநான்கு கிலோ கடனுக்கு வாங்கினேன்.

“கடலை எண்ணெயில பொரிக்கச் சொல்லு. பாமாயில்னா நாறிப் போவும்.”

“பொரிக்க மாட்டாவ அக்கா. பாக்கத்தான்.”

“பாக்கவா? வத்தலையா?” ஒரு வத்தலை எடுத்து என் முன்னால் நீட்டினாள். “அவ்வளவு துட்டு இருக்கவனுக்கு ஒரு சட்டி எண்ணெ வாங்க வக்கில்லையால?”

பார்சல் போனபின் எனக்குத் தூக்கமில்லை. கடற்காற்றில் நமுத்துப்போனால்? எறும்பு வந்தால்? வேறு எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டேன், நடந்ததற்கு மட்டும் கவலைப்படவில்லை. அந்தத் தீவின் சமையலறையில் ஒரு தூத்துக்குடிக்காரர் இருந்திருக்கிறார். நல்ல வத்தலை இப்படி வாசலில் நமுக்கவிட்டிருக்கிறார்களே என்று மனசு கேட்காமல் பன்னிரண்டு கிண்ணத்தையும் எடுத்துப்போய், வெயிலில் காட்டி, பொரித்துவிட்டார். வில்லாக்காரர்கள் தின்றுவிட்டு இன்னும் கேட்டார்களாம்.

திரைக்கும் வலைக்கும் பணம் முழுசாக வந்துவிட்டது. வத்தலைப் பற்றி மேடம் போனில் சொன்னார். “அலங்காரச் சாமான்னு லிஸ்ட்டுல இருக்கு, போய்ப் பார்த்தா சாமான் இல்ல, அதனால அவா பில்லப் பாஸ் பண்ண மாட்டேங்கறா. சமையல்கட்டுல கேட்டா நாங்க வாங்கவே இல்லயேங்கறா.”

இதை அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

“தின்னுட்டாவல்லா? தின்னவன் குடுக்கட்டும். இல்ல, வாங்கினவன் நீ குடு. துட்டு வார வரைக்கும் செவ்வாயும் எனக்குத்தான்.”

இப்போது தீவிலிருந்து அடுத்த திரை ஆர்டர் வந்திருக்கிறது. நனைத்த துணி எல்லாம் கார்கானாவுக்குள்ளேயே, மெஷின்களுக்கு மேலே, அந்த மேஜை விசிறியின் காற்றில் தொங்குகிறது. சொட்டும் தண்ணீர் மோட்டாரில் இறங்கிவிடுமோ என்று ஒவ்வொரு மெஷினுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, அதற்குக் கீழே குனிந்து தைக்கிறேன். திரைக்கு வந்த பணம் டெபாசிட்டுக்கும் துணிக்கடைக் கடனுக்குமே தீர்ந்தது, புது ஆர்டரின் அட்வான்ஸ் துணிக்கே சரியாகிவிட்டது. மேலே மாடியில் செவ்வாயும் வியாழனும் வத்தல் காய்கிறது. அக்காவுக்கு நான் தர வேண்டிய பாக்கி எட்டாயிரத்து நானூறு ரூபாய்.